குரோமியம் கடல் கடந்த கதை

1980ஆம் ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. அவ்வாண்டு என் தந்தையார் எங்களைத் தமிழகத்திற்கு அழைத்துச் சென்றார். பினாங்குத் துறைமுகத்தில் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலேறிச் சென்னையில் இறங்கினோம். உறவினர் வீடு தாம்பரத்தில் இருந்தது. கடற்கரை நிலையத்தில் மின்தொடர்வண்டி ஏறியதிலிருந்து நிலையங்களின் பெயர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பதே எனக்கு விளையாட்டாயிற்று. மாம்பலம், கிண்டி, பல்லாவரம் என்று படித்துக்கொண்டே வந்தவன், அடுத்த பலகையில் தடுமாறிப் போனேன். 'குரோம்பேட்டை' என்றிருந்தது. "குரோம் என்றால் யாரப்பா?" என்று கேட்டேன். ஏதோ ஓர் அரசன் பெயராக இருக்கும் என்பது என் எண்ணம். தந்தையார் சிரித்தார். "அஃது ஆள் பெயரன்று, தோல் பதனிடும் மருந்து. அந்த ஆலை முன்பு இங்கே இருந்ததாம்" என்றார்.

ஆசிரியப் பணியில் அமர்ந்த பின்னர், ஊர்ப்பெயர் ஆய்வு பற்றி மாணவர்க்குச் சொல்ல நேரும்போதெல்லாம் அந்தப் பலகை நினைவுக்கு வரும். நம் ஊர்ப்பெயர்கள் தெய்வத்தைச் சொல்லும், மன்னனைச் சொல்லும், மரத்தையும் நீர்நிலையையும் சொல்லும். ஓர் உலோகத்தின் அயல்மொழிப் பெயரைச் சொல்லும் தமிழூர் வேறு உண்டா என்பது ஐயமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லாவரத்தை அடுத்து நடத்திய 'குரோம் லெதர் கம்பெனி' மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்தப் பெயர் நமக்குச் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

தோல் பதனிடுதல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் தோலை வாரக்கணக்கில் கிடத்தி, எடுத்து, திருப்பி, மீண்டும் கிடத்திப் பக்குவப்படுத்துவது பழைய முறை. சென்னை மாநிலத்துப் பட்டைத் தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலண்டன் சந்தையில் நற்பெயர் பெற்றிருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் முதலிய ஊர்களில் வணிகர் செழித்தனர். தொட்டியில் இறங்கி நின்றவர்களோ பெரும்பாலும் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். தோலைத் தொடுவது இழிவு என்று சொன்ன சமுதாயம், அவர்கள் பதனிட்ட தோலால் ஆன செருப்பையும் மத்தளத்தையும் மட்டும் இழிவென்று ஒதுக்கவில்லை. இதனை ஈண்டுக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு தொழிலின் தீங்கு எவர் உடம்பின்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தே, அத்தீங்கு எவ்வளவு விரைவில் பேசப்படுகிறது என்பதும் அமைகிறது.

குரோமிய முறையை நியூயார்க்கைச் சேர்ந்த அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் 1884ஆம் ஆண்டில் காப்புரிமை செய்தார். வாரக்கணக்கில் நடந்த வேலை சில நாள்களில் முடிந்தது. தோல் மெல்லியதாகவும் வெந்நீருக்கும் தளராததாகவும் அமைந்தது. சென்னையில் இதனை முயன்று பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியராக வந்த இவர், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவர். 1903ஆம் ஆண்டளவில் குரோமியத் தோலில் கை வைத்தார். அவர் மனத்தில் இருந்தது சீமைச் செருப்பன்று, நம் உழவனின் கிணறு. மாடு பூட்டிக் கவலை இறைக்கும் தோற்சால், ஓயாமல் நீரில் கிடந்து விரைவில் நைந்துபோகும். குரோமியத்தால் பதனிட்ட சால் நெடுநாள் உழைக்கும் என்று அவர் எண்ணினார். எண்ணம் நன்றே. ஆயினும் அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். இந்திய அமைச்சராக இருந்த மார்லி பிரபு 1910ஆம் ஆண்டில் அம்முயற்சிக்குத் தடை சொல்ல, அரசு அத்தொழிலினின்று விலகிக்கொண்டது. தனியார் தொடர்ந்தனர். குரோம்பேட்டை பிறந்தது இப்படித்தான்.

இங்கே மாணவர் பொருட்டுச் சிறிது வேதியியல் சொல்லியாக வேண்டும். குரோமியத்தைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலார் வொக்கலின். ஆண்டு 1797. சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் கனிமம் ஒன்றினின்று அவர் இதனைப் பிரித்தார். அதன் சேர்மங்கள் மஞ்சளும் பச்சையும் செம்மையுமாகப் பல வண்ணம் காட்டியதால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'குரோமா' என்பதிலிருந்து பெயர் அமைந்தது. இவ்வுலோகத்தின் சேர்மங்களில் இரண்டு வகையை நாம் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் பச்சை அல்லது நீலப் பச்சை நிறமுடையது, நச்சுத்தன்மை குறைந்தது, தோலின் நாரோடு பிணைந்து தோலைத் தோலாக நிறுத்துவது இதுவே. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமுடையது. குரோமேட்டு, டைக்குரோமேட்டு, குரோமிக் அமிலம் எனப்படுவன இவ்வகையின. உயிரணுவுக்குள் எளிதிற் புகுந்து கேடு செய்வதும் இதுவே.

சிக்கல் யாதெனில், முதல் வகையைச் செய்ய இரண்டாம் வகை வேண்டும். நிலத்திலிருந்து எடுத்த குரோமியத் தாதுவைச் சோடா உப்போடும், பழைய முறையில் சுண்ணாம்போடும் கலந்து உலையிலிட்டு வறுத்து, கரைத்து, அமிலம் சேர்த்து டைக்குரோமேட்டு எடுப்பார்கள். அதனை இறுதியில் மூன்றாம் இணைதிறனுக்கு இறக்கித்தான் தோலுக்குப் பயன்படுத்த முடியும். ஷூல்ட்சின் முறையில் தோலையே முதலில் டைக்குரோமேட்டுக் கரைசலில் முக்கி, பின்பு வேறொரு கரைசலில் அதனை இறக்கினார்கள். பின்னர் வந்த முறையில் டைக்குரோமேட்டோடு அமிலமும் வெல்லப்பாகும் கலந்து பதனிடும் சாற்றைத் தனியே காய்ச்சினார்கள். ஆயத்தமாக வரும் தூள் பரவும்வரை, சிறு பதனிடு நிலையங்களில் இக்காய்ச்சுதல் பதனிடும் இடத்திலேயே நடந்தது. காய்ச்சியவன் கை எந்த நிறமாயிற்று என்று கேட்டவர் யார்?

எவரும் அறியாத நஞ்சாயிருந்தால் இதனை விதி என்று விட்டுவிடலாம். சென்னைக்கு இத்தொழில் வந்தபோது, அதன் தீங்கு பற்றிய அறிவுக்கு முக்கால் நூற்றாண்டு வயதாகியிருந்தது. அந்த அறிவு பிறந்த இடம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரம்.

கிளாஸ்கோவைச் சுற்றிச் சாயத் தொழில் பெருகிய காலம் அது. துணிக்கு மஞ்சளும் சிவப்பும் ஏற்றப் பொட்டாசியம் டைக்குரோமேட்டு வேண்டியிருந்தது. சாயத்தொட்டியில் கை நனைத்தவர்களுக்குத் தோலில் ஆழ்ந்த புண் உண்டாவதை வில்லியம் கியூமின் என்னும் மருத்துவர் கண்டார். 1827ஆம் ஆண்டில் எடின்பரோ மருத்துவ இதழில் எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பு நமக்கு வியப்பூட்டும். ஒரே தலைப்பின்கீழ் இரண்டு பொருள்களை அவர் ஆராய்கிறார். ஒன்று டைக்குரோமேட்டு மனித உடலில் செய்யும் விளைவு. மற்றொன்று 'மதார்' என்னும் இந்திய மூலிகையின் மருத்துவப் பண்பு. மதார் என்பது வேறொன்றுமில்லை, நம் எருக்கு! நம் நாட்டுத் தரிசுநிலத்துச் செடியின் குணம் கப்பலேறிக் கிளாஸ்கோ சேர்ந்து, அச்சாகி, மருத்துவர் கைகளில் உலவியது. அதே ஏட்டில் அச்சான டைக்குரோமேட்டுப் புண்ணின் செய்தி எதிர்த்திசையில் கப்பலேறவில்லை. அன்றைய உலகில் அறிவு எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

கிளாஸ்கோவை அடுத்த ரதர்கிளென் என்னும் ஊரில், ஷாஃபீல்டு என்ற இடத்தில் 'ஜே அண்டு ஜே ஒயிட்' குழுமம் பெரும் குரோமேட்டு ஆலையொன்றை நடத்தியது. பிரிட்டனின் குரோமேட்டில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. தூள் படிந்து வெளிறிய அத்தொழிலாளரை 'ஒயிட்டின் செத்தவர்கள்' என்று அழைத்தனர். அவர்களின் கையிலும் காலிலும் குழிப்புண்கள்; அவற்றுக்குக் 'குரோம் துளை' என்றே பெயர். ஆயினும் மிகப் பெரிய துளை வெளியே தெரியாதது. மூக்கின் இரு துவாரங்களுக்கும் நடுவேயுள்ள குருத்தெலும்புச் சுவரைக் குரோமியத் தூள் மெல்ல அரித்துத் தின்றுவிடும். முதலில் நீர் வடியும், பொருக்குத் தட்டும், இரத்தம் கசியும். பின்பு பெரும்பாலும் வலியில்லாமலே சுவர் துளைபட்டுப்போகும். மூச்சு விடும்போது சீழ்க்கை போன்ற ஓசை கேட்டால்தான் சிலர் அறிவார்கள். ஒருமுறை விழுந்த துளை தானாக மூடாது.

ஆலையின் தலைவரான ஜான் கேம்பல் ஒயிட், ஓவர்டவுன் பிரபு என்ற பட்டம் பெற்றவர். சமயப் பணிக்கும் அறத்துக்கும் பெரும்பொருள் ஈந்த வள்ளல். ஞாயிற்றுக்கிழமை புனித ஓய்வுநாளாகக் காக்கப்பட வேண்டும் என்ற இயக்கத்தின் ஆதரவாளரும் ஆவார். 1899ஆம் ஆண்டில் அவர் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, தொழிற்கட்சியின் முன்னோடியான கீர் ஹார்டி உள்ளே நடப்பதை எடுத்தெழுதினார். 'வெள்ளை அடிமைகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது அந்தத் துண்டுநூல். 'ஒயிட்' என்ற ஆலையின் பெயரும் 'வெள்ளை' என்ற நிறமும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாதலால் அத்தலைப்பு இரட்டுற மொழிந்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரம், உணவுக்கென்று இடைவேளை இல்லை, வாரம் 7 நாளும் வேலை. ஞாயிற்றின் புனிதத்தைப் போற்றியவரின் உலை ஞாயிறும் எரிந்தது. நாடு நாணியது. சில திருத்தங்கள் செய்யப்பட்டன. நன்கொடையின் ஒளியில் ஆலையின் புகை தெரியாமற்போவது ஓவர்டவுன் பிரபுவோடு முடிந்த கதையன்று.

இதற்கிடையில் தீங்கின் இன்னோர் ஆழம் தெரியலாயிற்று. குரோமிய வண்ணத் தொழிலாளி ஒருவரின் துளைபட்ட மூக்கினுள் புற்றுநோய் கண்டதைக் கிளாஸ்கோ மருத்துவர் டேவிட் நியூமன் 1890ஆம் ஆண்டில் பதிவு செய்தார். ஜெர்மானியக் குரோமேட்டு ஆலைகளில் நுரையீரல் புற்றுநோய் 1911, 1912ஆம் ஆண்டுகளிலேயே காணப்பட்டது. 1936ஆம் ஆண்டில் அந்நாடு அதனைத் தொழில்நோய் என்று ஏற்றது. அமெரிக்கக் குரோமேட்டு ஆலைகளின் இறப்புப் பதிவுகளை மாக்கிளும் கிரிகோரியஸும் ஆராய்ந்து 1948ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தொழிலாளரிடையே நுரையீரல் புற்றுநோய் மற்றவரைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது.

காப்பு என்பது ஆகாத காரியம் என்று எவரும் நினைத்துவிட வேண்டா. குரோமிய முலாம் பூசும் தொழிலுக்கு 1931ஆம் ஆண்டிலேயே பிரிட்டன் தனி விதிகள் இயற்றியது. தொட்டியின் ஓரத்தில் ஆவியை இழுத்துக்கொள்ளும் காற்றுறிஞ்சி, கையுறை, இரப்பர்ப் பாவாடை, மூக்கையும் கையையும் குறித்த இடைவெளியில் பார்க்கும் மருத்துவர் ஆகியவை அவ்விதிகளின் உள்ளடக்கம். 1950களின் இறுதியில் பிரிட்டானியக் குரோமேட்டு ஆலைகள் உலைமுறையை மாற்றித் தூளை அடக்கின. மாற்றத்துக்குப் பின் சேர்ந்த தொழிலாளரிடையே புற்றுநோய் மிகை குறைந்ததைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. உலை மாறினால் உயிர் பிழைக்கும் என்பது கணக்கோடு மெய்ப்பிக்கப்பட்ட செய்தி.

ஆனால் மெய்ப்பிக்கப்பட்டது என்பதும் நடைமுறைக்கு வந்தது என்பதும் வேறு வேறு. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990ஆம் ஆண்டில் ஆறு இணைதிறன் குரோமியத்தை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்தது. அமெரிக்காவில் காற்றிலுள்ள அளவைக் குறைக்கக் கோரி 1993ஆம் ஆண்டில் தொழிற்சங்கமும் பொதுநல அமைப்பும் விண்ணப்பம் செய்தன. அரசு அசையாததால் வழக்குமன்றம் செல்ல வேண்டியதாயிற்று. ஒரு கனமீட்டர் காற்றில் 52 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பு 5 மைக்ரோகிராமாகக் குறைந்தது 2006ஆம் ஆண்டில்தான். வளம் மிக்க நாட்டிலேயே, விண்ணப்பத்துக்கும் விதிக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்.

இனி மீண்டும் தமிழகம் செல்வோம். விடுதலை பெற்ற இந்தியா 1948ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் இயற்றியது. அதன் அட்டவணையில் அறிவிக்கத்தக்க தொழில்நோய்களுள் ஒன்றாகக் குரோமியப் புண்ணும் இடம் பெற்றது. அதாவது, ஒரு தொழிலாளிக்கு அந்தப் புண் கண்டால், மேலாளரும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். அதே 1948ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. பின்னாளில் அதன் இயக்குநராகப் புகழ் பெற்ற நாயுடம்மா, சிற்றூர்ப் பதனிடுவோர் வரைக்கும் அறிவியலைக் கொண்டு சென்ற பெரியார். சட்டமும் இருந்தது, அறிவியலும் இருந்தது. எழுத்தளவில் குறை சொல்ல இடமில்லை.

1970களின் தொடக்கத்தில் இந்திய அரசின் ஏற்றுமதிக் கொள்கை மாறியது. பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் செருப்பையும் விற்க ஊக்கினார்கள். அந்நியச் செலாவணிக்கு அது நல்வழி. வேலை வாய்ப்பும் பெருகியது. இதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் முடித்த தோல் என்றால் குரோமியத் தோல். பாலாற்றங்கரை ஆவாரம் பட்டையிலிருந்து குரோமியத்துக்கு மாறியது அந்த ஆண்டுகளில்தான். மேலை நாடுகள் தம் ஆறுகளைக் காக்கும் பொருட்டு அழுக்கு மிகுந்த முதற்கட்ட வேலையைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலமும் அதுவே. பழைய முறையில் தோட்டியிலிடும் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலில் பிடிக்காமல் கழிவுநீரோடு போய்விடும். பாலாறோ ஆண்டில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு. அடித்துச் செல்ல நீரில்லை. ஊறி இறங்க நிலம் இருந்தது.

தோல் தொழில் வளர்ந்தால் டைக்குரோமேட்டு வேண்டும். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை 1970களில் எழுந்தது. 1990களின் இடையில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு இரண்டு இலட்சம் டன்னுக்கும் மேல். திறந்த வெளியில் குன்றாகக் குவிந்து, மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சளாகக் கசிந்து நிலத்தடி நீரில் இறங்கிற்று. நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட, உலகின் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. அந்த ஆலை கட்டப்பட்டபோது ஷாஃபீல்டு ஆலை மூடிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரிட்டனில் உலை மாற்றியதும், அங்கே புதைத்த கழிவு சிக்கலாகி வந்ததும் வேதியியல் ஏடுகளில் உள்ளவை. (ஷாஃபீல்டின் கழிவு இன்றும் ஓயவில்லை. அதை அடுத்தோடும் போல்மடி என்னும் ஓடை 2019ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பச்சை பச்சையாக ஓடியதைச் செய்தித்தாள்கள் படம் போட்டுக் காட்டின.) அயல்நாட்டான் பிழையை நாம் அறியாமல் செய்தோம் என்று சொல்ல வழியில்லை.

மக்கள் வாளாவிருக்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், இந்திய உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் பெருந்தீர்ப்பு வழங்கியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் அது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்று தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. திண்டுக்கல் பகுதியின் 13 சிற்றூர்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்த ஆய்வையும் அது குறிக்கிறது. தூய்மை கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும், தீங்கு முழுதும் மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் உரைத்தது. சுற்றுச்சூழல் சட்டம் கற்போர் இன்றும் தவிர்க்க முடியாத தீர்ப்பு இது. அதன் ஈட்டுத்தொகை முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதால், கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வழக்கின் தொடர்ச்சி நீதிமன்றம் ஏறியது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாளும் உச்சநீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்பெழுத நேர்ந்தது.

இத்தீர்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அதனைப் படிக்குந்தோறும் ஒரு குறை உறுத்துகிறது. தீர்ப்பின் நடுநாயகமாக இருப்பவை கிணறும் வயலும். கிணற்று நீர் மஞ்சளானால் ஊரே காண்கிறது. பயிர் கருகினால் உழவன் நிலத்தின் பட்டாவோடு வழக்குமன்றம் வருகிறான். ஆலைச் சுவருக்கு உள்ளே, உருளைக்குள் கை விட்டுத் தோலை இழுத்தவனும் டைக்குரோமேட்டு மூட்டையைப் பிரித்துக் கொட்டியவனும் எந்தப் பட்டாவைக் காட்டுவார்கள்? அவர்களுடைய நிலம் அவர்கள் உடம்பே. அதில் விழுந்த துளை மூக்கினுள் இருக்கிறது, நுரையீரலில் இருக்கிறது, வேலையை விட்டு இருபது ஆண்டு கழித்துத் தெரிகிறது. ஒப்பந்தக் கூலியாக இருந்தால் வருகைப் பதிவேட்டில் பெயர்கூட இருப்பதில்லை. பெயரில்லாதவனுக்கு அறிவிக்கத்தக்க நோய் எங்ஙனம் வரும்?

அவர்கள் எத்தகைய இடத்தில் வாழ்ந்தனர் என்பதை நாடு ஓர் இரவில் கண்டது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் விடிவதற்கு முன், ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் அச்சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரைக் காக்கவென்று நீதிமன்ற ஆணைகளின் பயனாய் எழுந்த அமைப்பு அது. அதன் நிழலில் தொழிலாளி பாய் விரித்துப் படுத்திருந்தான்.

இவற்றையெல்லாம் பினாங்கில் இருந்துகொண்டு நான் ஏன் தேடித் தேடிப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துச் சென்ற மாணவன் ஒருவன், இருபது வயது இளைஞனாக ஒரு நாள் என்னைக் காண வந்தான். அவன் தம்பியைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. செபராங் பிறையில் மோட்டார்ச் சைக்கிள் உறுப்புகளுக்குக் குரோம் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னான். நல்ல சம்பளம் என்றான். விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போது விரல் கணுக்களில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அறை அமைதியாக இருந்தது. அவன் மூச்சு விடும்போது மெல்லிய சீழ்க்கை கேட்டது. "சளியா?" என்றேன். "இல்லை ஐயா, இது ஓராண்டாக இருக்கிறது. பட்டறையில் பழைய ஆள்கள் எல்லாருக்கும் இருக்கிறது. வலி இல்லை" என்று சிரித்தான். மூக்கில் இரத்தம் வருமா என்றேன். முன்பு வந்தது, இப்போது இல்லை என்றான்.

அன்று எனக்கு அதன் பொருள் தெரியாது. மூக்கு மருத்துவரிடம் போகச் சொல்லி அனுப்பியதோடு சரி. மருத்துவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீ குரோமியத் தொட்டியில் வேலை செய்கிறாயா?" என்று முதற்கேள்வியாகக் கேட்டாராம். அவன் வந்து அதைச் சொன்ன பிறகுதான் நான் நூலகம் சென்றேன். குரோம்பேட்டைப் பலகை மீண்டும் கண்முன் வந்தது அப்போதுதான்.

முலாம் தொட்டியில் மின்சாரம் பாயும்போது வளிக்குமிழிகள் மேலெழுந்து உடைகின்றன. ஒவ்வொரு குமிழியும் குரோமிக் அமிலத்தின் நுண்துளியைக் காற்றில் தெறிக்கிறது. குனிந்து நிற்பவன் மூக்கு அத்துளிக்கு நேர் மேலே இருக்கிறது. தொட்டியின்மேல் பிளாஸ்டிக் உருண்டைகளை மிதக்க விட்டாலோ, நுரை தரும் மருந்தைச் சேர்த்தாலோ, ஓரத்தில் காற்றுறிஞ்சி வைத்தாலோ அத்துளி பெரிதும் அடங்கிவிடும். பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல இவை. நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1994ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உண்டு. வேதிப்பொருளின் தீங்கை அளவிட்டுத் தொழிலாளருக்குத் தெரிவிக்கவும், வேண்டிய இடத்தில் மருத்துவக் கண்காணிப்புச் செய்யவும் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் 2000ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. தொழில்நோய்க்கு ஈடு வழங்கச் சொக்சோ உண்டு. அந்தப் பட்டறையில் எவரும் அவற்றைக் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்தவரும் இல்லை. தொட்டியருகே ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். படித்தாயா என்றேன். அமிலத் துளி பட்டு எழுத்து அழிந்துவிட்டது ஐயா என்றான்.

அவன் பின்னர் வேறு வேலைக்குப் போனான். தம்பி எங்கள் பள்ளியிலேயே படித்து முடித்தான். ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோர் வந்து படிவம் நிரப்பும் நாளில், தந்தையின் தொழில் என்ற கட்டத்தை இப்போது நான் மேலோட்டமாகப் பார்த்து விடுவதில்லை. முலாம் பட்டறை, வண்ணப்பூச்சு, உருக்கிணைப்பு என்று எழுதியிருந்தால் சற்று நிறுத்தி வைத்து, அங்கே மூக்கைப் பார்க்க மருத்துவர் வருவதுண்டா என்று கேட்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள். தலைமையாசிரியருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிறார்கள் போலும். பிறகு ஒருவர் இருவர், கதவருகே போனவர்கள், திரும்பி வந்து, "எதற்காக ஐயா கேட்டீர்கள்?" என்கிறார்கள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறேன்.